கடற்பாசிகளின் பாகுபாடும் கரையோர மாந்தரும்

'பாசி' என்னும் தமிழ்ச் சொல் பசுமையின் அடியாகப் பிறந்தது. கேணிப் படியிலும் ஊருணி நீரிலும் பச்சைப் படலமாய்ப் படர்ந்திருப்பதைக் கண்டு இடப்பட்ட பெயர் அது. கடலினுள் வளர்வனவற்றையும் அப்பெயராலேயே அழைக்கத் தொடங்கியபோது சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு முரண்பாடு புகுந்துவிட்டது. கடற்பாசிகளுட் பெரும்பாலானவை பசுமை நிறமுடையன அல்ல. செந்நிறமுடையவை ஏறத்தாழ 7000 இனங்கள். கபில நிறமுடையவை ஏறத்தாழ 2000 இனங்கள். கண்ணுக்குப் புலனாகும் அளவில் கடலில் வளரும் பச்சைப் பாசிகள் இவ்விரண்டிலும் தொகையிற் குறைந்தவை.

தாவரவியலார் இவற்றை அல்காக்கள் என்பர். பல்கல அல்காக்களைப் பச்சை, கபிலம், சிவப்பு என மூன்றாக வகுப்பது உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்றோர் யாவரும் அறிந்த பாடம். கலைப்பீட மாணவனொருவன் அப்பாடத்தினுள் நுழைவதற்கு நியாயம் யாது என வினவப்படலாம். இம்மூன்று வகுப்பும் இயற்கையிற் கிடந்தவாறே மனிதன் கையில் வந்து விழுந்தவை அல்ல. அவை ஒரு குறித்த ஆண்டில், ஒரு குறித்த மனிதரால் முன்வைக்கப்பட்டவை என்பது முதல் விடை. இரண்டாவது விடையே எமக்கு முக்கியமானது. ஒவ்வொரு வகைப் பாசியும் தன் உடலில் எதைச் சேமிக்கின்றது, எவ்வாறு இனம்பெருக்குகின்றது என்பதைப் பொறுத்தே அதன் அருகில் வாழ்ந்த மக்களின் வாழ்வும் தாழ்வும் அமைந்திருக்கின்றன. பாசியை அரிந்தவர் ஒருவராகவும் அதன் இயல்பை அறிந்தவர் வேறொருவராகவும் இருந்த காலங்கள் பல. அவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

உரோமக் கவிஞர்க்கு 'அல்கா' என்பது மதிப்பற்ற பொருளுக்கு உவமை. அலை ஒதுக்கிவிட்ட குப்பைக்கு அதற்கு மேற்பட்ட பெயர் வேண்டியதில்லை என அவர்கள் கருதியிருக்கலாம். 1753இல் லின்னேயசு தமது பெரும் தாவர நூலை வெளியிட்டபோதும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. பூவின் உறுப்புகளை எண்ணித் தாவரங்களை வகுத்த அவருக்குப் பூவே இல்லாத பாசிகள் இடர்ப்பாடாயின. எனவே பன்னம், பாசம், பங்கசு என்பவற்றோடு அல்காக்களையும் இருபத்துநான்காவதும் இறுதியானதுமான வகுப்பில் இட்டார். 'மறைவான மணமுடையவை' என்பது அவ்வகுப்பின் பெயரின் பொருள். அல்காக்கள் என்னும் அத்தலைப்பின் கீழ் இன்று நாம் வேறாகக் கருதும் இலைக்கன்களும் ஈரலுருத் தாவரங்களும் அடங்கியிருந்தன. உண்மைக் கடற்பாசிகளுக்கோ மூன்று பெயர்கள் பெரும்பாலும் போதுமாயிருந்தன: தடித்துத் தோல்போன்றிருந்தால் பியூக்கசு, மெல்லிய தகடாயிருந்தால் உல்வா, இழையாயிருந்தால் கொன்பேர்வா. வடிவமே அளவுகோல். நிறத்தை நம்பவேண்டாம் என்பது லின்னேயசு தம் மாணவர்க்குக் கூறிய அறிவுரை. பூக்களைப் பொறுத்தவரை அது நல்ல அறிவுரையே.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு எமது கடலிலிருந்தே ஒரு சான்று உண்டு. கற்பிட்டி, மன்னார், திருகோணமலை முதலிய இடங்களின் ஆழமற்ற நீரில் மெல்லிய கிளைகளாக வளரும் ஒரு பாசி உண்டு. அதை வெயிலிலே காயவைத்து, வெளிறச்செய்து, நீரிற் காய்ச்சினால் கூழாக இறுகும். நோன்புக் காலத்தில் முசுலிம் இல்லங்களிற் செய்யப்படும் 'கடற்பாசி' என்னும் இனிப்புப் பண்டம் இத்தகைய பாசிகளின் கூழாலாயது. இது சிவப்பு அல்காக்களைச் சார்ந்தது. ஆயின் 1768இல் சென் பீற்றர்சுபேர்க்கிலிருந்து சாமுவேல் கொற்லீப் மெலின் என்பார் கடற்பாசிகளுக்கென்றே எழுதப்பட்ட முதல் நூலை வெளியிட்டபோது, இதற்கு இட்ட பெயர் 'உண்ணத்தக்க பியூக்கசு' என்பதாகும். பியூக்கசு என்பது இன்று கபில அல்காக்களுள் ஒரு சாதி. செம்பாசியும் கபிலப் பாசியும் ஒரே கூடையில் கிடந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னர் ஆங்கில வணிகரும் மருந்து நூலாரும் இதனை இலங்கையின் 'மொஸ்' என்றனர். அச்சொல் குறிப்பதோ நிலத்திற் படரும் பாசத்தை. ஆக, இந்தச் சிறு பாசி ஐரோப்பிய நூல்களில் இருமுறை பிழையான குலத்திற் பிறந்தது. அதனை அரித்து உலர்த்தி விற்ற கரையோர மக்களுக்கோ அதன் குலம்பற்றிய ஐயம் எதுவும் எழுந்திருக்க நியாயமில்லை. எது காய்ச்சினால் இறுகும், எது இறுகாது என்பதை அவர்கள் கையே அறிந்திருந்தது.

நிறத்தைத் துணைக்கொள்ளும் முயற்சி பிரான்சிலே தொடங்கிற்று. 1813இல் லமுரூ என்பவர் கடற்பாசிகளைக் குடும்பங்களாகப் பிரிக்கையில் நிறத்தையும் ஓர் அடையாளமாகக் கொண்டார். அதனை முழு ஒழுங்காக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கென்றி காவி (1811–1866). லிமெரிக் நகரத்தருகே ஒரு குவேக்கர் வணிகக் குடும்பத்திற் பிறந்து, இளமையிலேயே கடற்கரையிற் பாசி பொறுக்கியவர். 1836இல் வெளியான அயர்லாந்தின் தாவரங்கள் பற்றிய ஒரு நூலில் அல்காக்களைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் அவர் கருவித்துடையவை, செவ்வித்துடையவை, பச்சைவித்துடையவை என்று பாசிகளைப் பிரித்தார். கருவித்து என்று அவர் குறித்ததே இன்றைய கபில வகை. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

பிற்காலத்தில் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியிற் பணியாற்றிய காவி, 1853இல் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் இலங்கையில் தங்கித் தென்கரைப் பாசிகளைச் சேகரித்துச் சென்றார். நூல்களுக்கான படங்களைத் தாமே கல்லில் வரைந்தார். அவருக்கு மாதிரிகளை அனுப்பியோருட் பலர் பல்கலைக்கழகங்களின் வாயிலில் அனுமதிக்கப்படாத பெண்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும். டெவன் கரையில் வாழ்ந்த அமேலியா கிரிபித்சின் பெயரை அவர் உயிரோடிருந்தபோதே ஒரு செம்பாசிச் சாதி பெற்றது. அன்னா அற்கின்சு என்பவர் காவியின் பெயர்ப் பட்டியலைத் துணைக்கொண்டு, பாசிகளை ஒளியுணர் தாளின்மீது வைத்து வெயிலிற் பதித்து, 1843 தொடக்கம் ஒரு நூலாக்கினார். ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட நூல்களுள் அதுவே முதலாவது. நீலத் தாளில் வெண்ணிற உருவமாகப் படிந்த அப்பாசிகளில், விந்தையாக, நிறம் ஒன்றுமட்டும் இல்லை.

காவியின் பாகுபாடு எளிதில் நகைக்கத்தக்கது. கறுப்பு, சிவப்பு, பச்சை என்று சிறுவனும் பிரிப்பானே! அது நிலைத்தமைக்குக் காரணம் பின்னரே தெளிவாயிற்று. பாசியின் நிறம் பூவின் நிறம்போல் ஓர் அலங்காரம் அன்று. உணவு ஆக்கும் கருவியின் நிறம். யாவற்றிலும் பச்சையம் உண்டு. கபில அல்காக்களில் அதனைப் பியூக்கோசாந்தின் என்னும் நிறப்பொருள் மறைக்கின்றது. சிவப்பு அல்காக்களிற் பைக்கோஎரித்திரின் மறைக்கின்றது. சூரிய ஒளியின் செந்நிறப் பகுதியைக் கடல்நீர் விரைவிற் குடித்துவிட, ஆழத்திற்குச் செல்வது பெரிதும் நீலமும் பச்சையுமான ஒளியே. அவ்வொளியைப் பற்றிக்கொள்ள இந்நிறப்பொருள்கள் உதவுகின்றன. 1883இல் எங்கெல்மன் என்னும் ஜேர்மன் அறிஞர் இதனைக் கொண்டு பச்சை மேலே, கபிலம் நடுவே, சிவப்பு ஆழத்தே என்று கடலை மூன்று தட்டுகளாக அடுக்கினார். கடல் அவ்வளவு ஒழுங்கானதன்று. கரைப்பாறையிலே செம்பாசியும் ஆழத்திலே பச்சைப் பாசியும் வளரக் காண்கிறோம். எனினும் 1984இல் பகாமாசுத் தீவுகளுக்கப்பால் 268 மீற்றர் ஆழத்தில் உயிரோடிருந்த ஒரு பாசியைக் கண்டபோது, அது சுண்ணாம்பு படிந்த ஒரு சிவப்பு அல்காவாகவே இருந்தது.

இனிக் கபில அல்காக்களை நோக்குவோம். ஏனைய இரு வகைகளிலும் தனிக்கல உயிர்கள் உண்டு. கபில அல்காக்களோ யாவும் பல்கலத்தன. இழைபோன்ற சிறியவை முதல் நாற்பது மீற்றருக்கு மேல் நீளும் மக்ரோசிஸ்ரிசு வரை இதில் அடங்கும். பாறையைப் பற்றும் பற்றுறுப்பு, தண்டு, தகடு என்ற பிரிவும், உணவைக் கடத்தும் கலங்களும் இவற்றிற் பெரியவற்றுக்கு உண்டு. ஆனால் பற்றுறுப்பு வேரன்று, அது உறிஞ்சுவதில்லை. பாசியின் முழு உடலுமே நீரிலிருந்து உப்புக்களை நேரே எடுத்துக்கொள்கின்றது. சோடியம், பொற்றாசியம், அயடீன் என்பன இவ்வாறே சேர்கின்றன. குளிர்கடலின் லமினேரியா கடல்நீரிலுள்ளதிலும் பல்லாயிரம் மடங்கு செறிவாக அயடீனைத் தன்னுட் குவிக்கின்றது. வற்றுக்காலத்தில் வெயிலும் காற்றும் படும்போது தன் கலங்களைக் காக்கும் பொருளாக அதனைப் பயன்படுத்துகின்றது என்பது 2008இல் வெளியான ஓர் ஆய்வின் முடிபு.

இவ்வியல்புதான் ஸ்கொத்லாந்தின் வடக்கிலும் மேற்கிலுமுள்ள தீவுகளின் வரலாற்றைத் திருப்பியது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் காரம் வேண்டும். கபிலப் பாசியை உலர்த்திக் கல் அடுக்கிய குழிகளில் எரித்தால், உருகி இறுகும் சாம்பற் கட்டியில் அது கிடைக்கும். 'கெல்ப்' என்ற பெயர் அக்காலத்தில் பாசியை மட்டுமன்றி இக்கட்டியையும் குறித்தது. 1722இல் ஜேம்சு பே என்னும் நிலக்கிழார் ஓர்க்னித் தீவுகளுள் ஒன்றான ஸ்ரொன்சேயில் இத்தொழிலைத் தொடக்கினார். குடியானவர்கள் அதனை வரவேற்கவில்லை. புகை மீனை விரட்டும், பயிரைக் கெடுக்கும், கால்நடையை நோய்ப்படுத்தும் என்று முறையிட்டு 1742இற் கலகம் செய்தனர். இம்முறையீட்டை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வயலுக்கு இட்ட எரு அந்தப் பாசியே. குழியில் எரிந்தது அவர்களுடைய நிலத்தின் வளம்.

கலகம் அடங்கியது, தொழில் பரவியது. நெப்போலியப் போர்களின்போது இசுப்பானியாவிலிருந்து வந்துகொண்டிருந்த காரச் சாம்பல் தடைப்பட, கெல்ப்பின் விலை தொன் ஒன்றுக்கு இருபது பவுணைக் கடந்தது. ஸ்கொத்லாந்தின் உற்பத்தி ஆண்டுக்கு 20,000 தொன் அளவை எட்டியது. ஒரு தொன் கட்டிக்கு ஏறத்தாழ இருபது தொன் ஈரப் பாசி வேண்டும். கோடை முழுவதும் குடும்பம் குடும்பமாகக் குளிர்நீரில் இடுப்பளவு நின்று அரிந்து, சுமந்து, உலர்த்தி, எரித்த அம்மக்களுக்குக் கிடைத்த கூலி தொன்னுக்கு ஒரு பவுண் முதல் மூன்று பவுண் வரை. பாசி வளரும் கரை நிலக்கிழாருடையது; விற்பவரும் அவரே. கூலியாகக் கிடைத்த பணமும் குத்தகையாக அவரிடமே திரும்பிச் சென்றது. வேலையாட்கள் பெருகவேண்டும் என்பதற்காகப் பயிர் நிலங்கள் சிறு துண்டுகளாக்கப்பட்டன. ஒரு குடும்பம் அந்நிலத்தை மட்டும் நம்பி வாழ முடியாதவாறு துண்டுகளின் அளவு அமைந்தது. 1803இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பயணிகள் கப்பற் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பலிற் செல்வோரின் நலம் காப்பது அதன் வெளிப்படையான நோக்கம். பயணச் செலவை உயர்த்திக் குடியானவரைத் தீவுகளிலேயே நிறுத்துவது அதனை ஆதரித்த நிலக்கிழார் பலரின் நோக்கமாயிருந்தது.

போர் 1815இல் முடிந்தது. இசுப்பானியச் சாம்பல் மீண்டும் வந்தது. 1820களில் அதன்மீதான தீர்வை குறைக்கப்பட்டது. 1825இல் உப்பு வரி நீக்கப்பட, உப்பிலிருந்து சோடாவை ஆக்கும் லெபிளாங் முறை பிரித்தானியாவில் வேரூன்றியது. கெல்ப்பின் விலை மூன்று நான்கு பவுணாக வீழ்ந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் குடியானவரை வெளியேறவிடாது தடுத்த அதே வர்க்கம் இப்போது அவர்களை மிகுதியென்று கண்டது. சவுத் உயிசு, பென்பெக்கியுலா, பர்ரா என்னும் தீவுகளிலிருந்து 1851இல் மட்டும் 1500இற்கு மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அதற்கு முன்னர், 1846இல், அத்தீவுகளின் உணவாயிருந்த உருளைக்கிழங்கை வெளிறல் நோய் அழித்திருந்தது.

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் கூறாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்கலவமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தோர் கபில அல்காக்களின் உண்மை உறவினரைக் கண்டறிந்தனர். அவற்றின் நீந்தும் கலங்களில் இரண்டு சவுக்குமுளைகள் உள. ஒன்று மயிருடையது, மற்றையது வழுவழுப்பானது. உருளைக்கிழங்கு வெளிறல் நோயை உண்டாக்கும் பைற்றொபதோராவுக்கும் அதே அமைப்பு. அந்நோய்க்கிருமி உண்மைப் பங்கசே அன்று. கெல்ப்பின் தூரத்து உறவினது. தீவு மக்களை நிலத்திலே பட்டினியிட்டதும் கடலிலே உழைப்பித்ததும் ஒரே பெருங்குலத்தைச் சார்ந்தவை. அதனை அறிந்திருந்தாலும் அம்மக்களுக்குப் பயன் ஏதும் இருந்திராது.

கெல்ப்புக்கு இரண்டாவது வாழ்வொன்று கிட்டியது. 1811இல் பெர்னார் கூர்துவா என்னும் பிரெஞ்சுக்காரர் நெப்போலியனின் வெடிமருந்துக்காக வெடியுப்பு ஆக்கிக்கொண்டிருந்தார். பாசிச் சாம்பற் கரைசலில் சல்பூரிக்கமிலம் சற்று மிகையாக விழ, ஊதா நிற ஆவி எழுந்து கரிய பளிங்காய்ப் படிந்தது. அதுவே அயடீன். 1820இல் செனீவா நகரின் குவாண்டே என்னும் மருத்துவர் கழலை நோய்க்கு அதனைக் கொடுத்தார். கூர்துவா 1838இல் வறுமையிலே இறந்தார். பின்னர் 1880களில் ஸ்ரான்போட் என்னும் ஆங்கில இரசாயனர் பாசியின் கலச்சுவரிலிருந்து அல்சினிக்கமிலத்தைப் பிரித்தார். கபிலப் பாசி அலைக்கு வளைந்து கொடுத்தும் முறியாதிருப்பது இப்பொருளால். இன்று ஐஸ்கிரீம் உருகி வழியாதிருக்கவும் பற்சிகிச்சைக்கு அச்செடுக்கவும் உதவுவது இதன் உப்புக்களே. இச்செல்வம் குழியிற் புகையாகிப் போனதை எண்ணுகையில், ஒரு நூற்றாண்டுக் காலம் பாசியின் மலிவான பகுதியே விற்கப்பட்டது எனத் தோன்றுகின்றது.

பச்சை அல்காக்களைப் பற்றி நீட்டிக் கூறவேண்டியதில்லை. பச்சையங்களின் வகை, மாப்பொருட் சேமிப்பு, செலுலோசுக் கலச்சுவர் என்பவற்றில் இவை நிலத்தாவரங்களை ஒத்தவை. நெல்லும் பனையும் இக்கிளையின் வழித்தோன்றல்களே. ஊர்க் குளங்களில் வளரும் காரா இவ்வுறவை நன்கு காட்டுவது. கடற்கரையிற் காணும் உல்வா இரண்டு கலத் தடிப்பே உள்ள தகடு. அதன் வித்தித்தாவரமும் புணரித்தாவரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கோலேர்ப்பா என்பதோ ஒரு முழத்துக்கு மேல் ஓடிக் கிளைவிட்டும், உள்ளே குறுக்குச் சுவரின்றி, பல கருக்களுடைய ஒரே கலமாய் நிற்பது. 'பல்கலம்' என்ற சொல்லே அதனிடம் தடுமாறுகின்றது. உரம் கலந்த ஆற்றுநீர் கடலிற் சேருமிடங்களில் உல்வா பெருகிக் கரையை மூடுவது இக்காலத்துச் செய்தி. 2008இல் ஒலிம்பிக் பாய்க்கப்பற் போட்டிக்கு முன் சீனாவின் சிங்தௌ நகரிற் படையினரைக் கொண்டு அதை அள்ளவேண்டியதாயிற்று.

சிவப்பு அல்காக்களே வரலாற்று மாணவனுக்கு வியப்பளிப்பவை. பல்கல உயிர்களுள் மிகப் பழைய சுவடுகளில் ஒன்று இவற்றினது: கனடாவின் வடதுருவப் பகுதியிற் கிடைத்த பாங்கியோமோர்பா என்னும் பாறைச் சுவட்டின் வயது ஏறத்தாழ 105 கோடி ஆண்டுகள். இவ்வகையில் எந்தப் பருவத்திலும் சவுக்குமுளை இல்லை. ஆண் கலம் நீந்தமாட்டாது. நீரோட்டம் கொண்டுசேர்த்தாலன்றிப் பெண்கலத்தை அடையாது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2022இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் கிரசிலேரியாச் செம்பாசியின் கிளைகளில் ஊரும் சிறு கணுக்காலி உயிர்கள், தேனீ மகரந்தத்தைச் சுமப்பதுபோல, அக்கலங்களைச் சுமந்து செல்வதைக் காட்டினர். மேலே நாம் கூறிய 'இலங்கையின் மொஸ்' இந்தக் கிரசிலேரியாச் சாதியைச் சார்ந்தது.

இதன் கலச்சுவரிலுள்ள கூழ்ப்பொருளே அகர். அச்சொல் மலாயுச் சொல். யப்பானியர் அதனைக் 'குளிர்வானம்' எனப் பொருள்படும் கன்ரென் என்ற பெயரால் வழங்குவர். 17ஆம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் எஞ்சிய கூழை மாரி இரவில் வெளியே எறிய, அது உறைந்தும் உருகியும் உலர்ந்து தக்கைபோலானதைக் கண்டார் என்பது அங்கு வழங்கும் கதை. அகர் ஐரோப்பிய ஆய்வுகூடத்தினுட் புகுந்ததும் ஒரு சமையலறை வழியாகவே. 1881 அளவில் றொபேட் கொக்கின் பேர்லின் ஆய்வுகூடத்தில் பற்றீரியாக்களை வளர்க்க விலங்குக் கூழ் பயன்பட்டது. கோடையில் அது உருகியது. பற்றீரியாக்களும் அதைக் கரைத்தன. அங்கு பணியாற்றிய வால்தர் கெசேயின் மனைவி பனி கெசே, வீட்டிலே தாம் செய்யும் இனிப்புக் கூழ் வெயிலில் உருகாதிருப்பதைச் சுட்டி அகரைப் பயன்படுத்தச் சொன்னார். யாவாவில் வாழ்ந்திருந்த அயலவரிடமிருந்து அவர் இளமையிற் கற்றது அது. நீர் கொதிக்கும் நிலைக்கு அண்மையில் உருகி, உடல் வெப்பத்தினருகே இறுகும் அப்பொருள் பற்றீரியவியலின் அடித்தளமாயிற்று. 1882இல் காசநோய்க் கிருமிபற்றிய தமது கட்டுரையில் கொக் அகரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரைக் குறிப்பிடவில்லை. தென்கிழக்காசியச் சமையல் நுட்பம் யாவாவிலிருந்து சென்று, பெயரின்றியே விஞ்ஞானமாயிற்று.

இதனினும் கூர்மையான உதாரணம் யப்பானின் நோரி. போபைறா எனப் பொதுவாக அறியப்பட்ட செம்பாசியைத் தாள்போல உலர்த்தி ஆக்கும் உணவு இது. இன்றைய பாகுபாட்டில் யப்பானிய இனங்கள் வேறு சாதிகளில் வைக்கப்பட்டுள்ளன. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சட்டக்கோவையிலேயே அரசுக்கு வரியாகச் செலுத்தத்தக்க பொருள்களுள் இது இடம்பெற்றது. பின்னர் இன்றைய தோக்கியோவின் குடாவில் ஆழமற்ற நீரிலே மூங்கிற் கிளைகளை நாட்டி, அவற்றிற் பாசி தானாகப் பற்றி வளரவிட்டு அறுவடை செய்தனர். எங்கிருந்து பற்றுகின்றது? ஒருவருக்கும் தெரியாது. கோடையில் பாசி முற்றாக மறைந்துவிடும். இலையுதிர்காலத்தில் ஒருநாள் கிளைகளில் அரும்பும். சில ஆண்டுகளில் அரும்பாதே போகும். நல்லூழ் தரும் புல் என்று அதற்கு மக்கள் பெயரிட்டனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1940களின் இறுதியில், நோரி விளைச்சல் பெரிதும் வீழ்ந்து கரையோர ஊர்கள் நலிந்தன.

விடை மான்செஸ்ரரிலிருந்து வந்தது. கத்லீன் துறூ பேக்கர் (1901–1957) அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளராயிருந்தவர். 1928இல் அவர் மணஞ்செய்துகொண்டபோது, மணமான பெண்களுக்கு விரிவுரைப் பதவி இல்லை என்னும் விதியின்படி பதவியை இழந்தார். அதன் பின்னரும் ஆய்வுகூடத்தை அவர் விடவில்லை. வேல்சுக் கரையில் உணவாகக் கொள்ளப்படும் போபைறாவை அவர் ஆராய்ந்தார். அதன் வித்திகளைத் தூய்மையாக்கிய சிப்பி ஓடுகளோடு வைத்தபோது, அவை ஓட்டினுள்ளே துளைத்துச் சென்று இளஞ்சிவப்பு இழைகளாய்ப் படர்ந்தன. அவ்விழைகள் விஞ்ஞானிகளுக்குப் புதியன அல்ல. 1892இலேயே பற்றேசு என்பவர் அவற்றுக்குக் கொன்கோசீலிசு என்று தனிச் சாதிப் பெயரிட்டிருந்தார். தாள்போன்ற போபைறாவும் ஓட்டினுள் ஒளிந்த கொன்கோசீலிசும் ஒரே உயிரின் இரு சந்ததிகள் என்பதை 1949 ஒக்ரோபரில் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு குறிப்பில் அவர் வெளியிட்டார். அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தாயும் பிள்ளையும் பெயர்ப் பட்டியலில் அந்நியராய் இருந்தனர்.

கியூசுப் பல்கலைக்கழகத்துச் செகாவா இக்கண்டுபிடிப்பை யப்பானில் உடனே பற்றிக்கொண்டார். குமமோதோவில் ஓதா என்பார் சிப்பி ஓடுகளில் இழைகளை வளர்த்து, அவை விடும் வித்திகளை வலைகளிற் பதிக்கும் முறையை வகுத்தார். கோடையிற் பாசி எங்கே சென்றது என்பது இப்போது தெளிவு: அது கடலின் அடியிலே ஓடுகளினுட் படுத்திருந்தது. ஓடுகள் புயலால் மணலுட் புதைந்தாலோ வாரி எடுக்கப்பட்டாலோ அடுத்த பருவத்து வித்தியும் அவற்றோடு போய்விடும். நல்லூழ் என்று கருதப்பட்டது சந்ததிப் பரிவிருத்தியாய் முடிந்தது. துறூ பேக்கர் யப்பானுக்கு ஒருமுறையேனும் செல்லவில்லை. 1963இல் அரியாக்கே கடலை நோக்கிய ஊதோ நகரில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்பிரில் 14ஆம் நாள் அங்கு அவருக்கு விழா எடுக்கின்றனர். ஒரு பல்கலைக்கழகம் பதவி தர மறுத்தவருக்கு மீனவர்கள் கோயில் வளவில் இடம் கொடுத்தனர்.

எமது கரைக்கு மீள்வோம். அண்மை ஆண்டுகளில் வட மாகாணக் கரையோரக் கிராமங்களிற் கப்பாபைக்கசு என்னும் செம்பாசி வளர்க்கப்படுகின்றது. இது எமது கடலுக்குரியதன்று. காவாய்ப் பல்கலைக்கழகத்து மாக்ஸ்வெல் டொற்றியும் அவர்தம் கூட்டாளிகளும் 1960களின் பிற்பகுதியிலிருந்து பிலிப்பைன்சில் வகுத்த வளர்ப்பு முறை பல நாடுகளைச் சுற்றி இங்கு வந்துள்ளது. இதன் கலச்சுவரிலுள்ள கராசீனன் பாற்பண்டங்களுக்கும் பற்பசைக்கும் வேண்டப்படுவது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில், குருசடைத் தீவருகே, வளர்ப்பிடத்திலிருந்து தப்பிய இதே பாசி பவளப்பாறைகளை மூடியமை 2008இல் ஆய்வாளராற் பதியப்பட்டது. ஸ்ரொன்சேக் குடியானவர் கேட்டதைப் போன்ற கேள்விகளை எமது மீனவரும் கேட்பின், அவற்றை அறியாமை என ஒதுக்கிவிடலாகாது.

நோரியைப் போலன்றி, கப்பாபைக்கசை வளர்ப்போர் வித்திகளை நம்புவதில்லை. ஒரு கிளையைத் துண்டாடிக் கயிற்றிற் கட்டினால் ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் அது பன்மடங்காகும். அதில் ஒரு பகுதியை மீண்டும் துண்டாடி அடுத்த கயிற்றிற் கட்டுவர். ஆகவே ஒரு தோட்டத்திலுள்ள கிளைகள் யாவும் பெரும்பாலும் ஒரே தாயின் உடல். ஒன்றைப் பற்றும் நோய் யாவற்றையும் பற்றும். நீர் வெப்பமேறும் மாதங்களிற் கிளைகள் வெளிறி ஒடிவதை வளர்ப்போர் 'ஐஸ்-ஐஸ்' என்பர். அப்போது கரையில் அமர்ந்து கயிறு கட்டும் ஆண்களும் பெண்களும் வெளிறிய பகுதிகளைக் கழித்துவிட்டு, எஞ்சியவற்றிலிருந்து துண்டெடுத்து மறுபடியும் கட்டுகின்றனர்.